நெருப்பில் கருகாத யோசனை

உங்கள் தாத்தா, பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய இளமைக் காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் என்னென்ன கார்கள் ஓடின என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். ஒன்று அம்பாசடர், இன்னொன்று ஃபியட். அந்த ஃபியட் காருக்குத்தான் பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்ற பெயர் வந்தது. பழைய சினிமாக்களில், மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடும் டாக்சிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே கார்தான்!

அந்தக் கார் பிறந்த நாடு இத்தாலி. அதை உருவாக்கிய பொறியாளர்களின் தலைவர் தாந்தே ஜாக்கோசா. சாதாரணக் குடும்பங்களும் காரில் போக வேண்டும் என்பதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். எல்லாரும் பயந்து ஒதுக்கிய ஒரு யோசனையை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்து ஜெயித்துக் காட்டியவரும் அவரே. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

மொட்டை மாடியில் ஓடிய கார்கள்

ஜாக்கோசா 1905ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி ரோம் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம், இத்தாலியின் வடமேற்கில் உள்ள பியட்மான்ட் பகுதி. அந்தப் பகுதியின் தலைநகரம் டூரின். அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 1927இல் பொறியாளர் பட்டம் பெற்றார்.

டூரின் நகரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. ஃபியட் நிறுவனம் 1899இல் தொடங்கப்பட்டது அங்கேதான். அந்த நிறுவனம் லிங்கோட்டோ என்ற இடத்தில் ஐந்து மாடிகள் கொண்ட ஒரு பெரிய தொழிற்சாலையைக் கட்டி, 1923இல் திறந்தது. கீழ்த்தளத்தில் தொடங்கும் வேலை, மாடி மாடியாக மேலே ஏறும். கார் முழுமையாகி மொட்டை மாடிக்கு வந்து சேரும். அங்கே ஒரு வட்டச் சாலை! புத்தம் புதிய கார்களை அந்த மாடியிலேயே ஓட்டிச் சோதித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு வேடிக்கை, பாருங்கள்!

படிப்பை முடித்த ஜாக்கோசா 1928இல் எஸ்.பி.ஏ. என்ற தொழிற்சாலையில் சேர்ந்தார். அது ஃபியட்டுக்குச் சொந்தமானது. லாரிகளும் ராணுவ வண்டிகளும் அங்கே தயாராயின. பிறகு அவர் ஃபியட்டின் விமான இன்ஜின் பிரிவுக்கு மாறினார்.

குன்றுப் பாதையில் ஒரு தீ

அந்த நாளில் இத்தாலியில் கார் என்பது பணக்காரர்களின் பொருள். சாதாரண மக்கள் சைக்கிளில் போவார்கள், அல்லது நடந்து போவார்கள். அவர்களும் வாங்கக்கூடிய சின்னக் கார் ஒன்றைச் செய்ய ஃபியட்டின் தலைவர் ஜொவான்னி அன்யெல்லி ஆசைப்பட்டார். லார்தோனே என்ற பொறியாளர் அப்படி ஒரு காரைச் செய்தும் காட்டினார். அதில் ஒரு புதுமை இருந்தது. இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகாமல் முன் சக்கரங்களுக்குப் போகும்.

இது எளிதாகப் புரிய வேண்டுமானால் உங்கள் சைக்கிளைப் பாருங்கள். முன் சக்கரம் திரும்புகிறது. பின் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது. ஆளுக்கு ஒரு வேலை. அந்தக் காலத்துக் கார்களும் பெரும்பாலும் இப்படித்தான். இன்ஜின் முன்னால் இருக்கும். அதன் சக்தி ஒரு நீண்ட இரும்புத் தண்டு வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகும். அந்தத் தண்டு பயணிகளின் காலடியில் ஓடுவதால், காரின் தரை நடுவில் மேடாக இருக்கும். இடம் வீணாகும், எடையும் கூடும்.

முன் சக்கரங்களே காரை இழுத்துச் சென்றால்? மாட்டு வண்டியை முன்னால் இருக்கும் மாடு இழுப்பது போலத்தான். நீண்ட தண்டு தேவையில்லை. உள்ளே இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால், அப்போது முன் சக்கரங்களுக்கு இரண்டு வேலைகள். திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் அதைச் செய்வது கடினம்.

1931இல் ஒருநாள் லார்தோனேயின் காரைச் சோதித்துப் பார்க்க அன்யெல்லியே ஏறி உட்கார்ந்தார். டூரின் நகரத்தை ஒட்டிய குன்றுப் பாதையில் கார் ஏறியது. திடீரென்று தீப்பிடித்துக்கொண்டது! உள்ளே இருந்தவர்கள் அவசரமாக இறங்கித் தப்பினார்கள். அன்யெல்லிக்கு வந்த கோபத்தில் லார்தோனேயின் வேலை போயிற்று. அது மட்டுமல்ல. முன் சக்கரங்கள் இழுக்கும் கார் என்ற பேச்சே ஃபியட்டில் இனி எழக்கூடாது என்றும் அவர் முடிவு செய்துவிட்டார்.

தீ எந்த வகைக் காரிலும் பிடிக்கலாம். ஆனால் அன்று பழி முழுவதும் அந்த யோசனையின் மேல் விழுந்தது. லார்தோனேயோடு அவருடைய யோசனையும் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது.

சாலைக்கு வந்த சுண்டெலி

ஆனாலும், சின்னக் கார் வேண்டும் என்ற ஆசையை அன்யெல்லி விடவில்லை. 5,000 லிரா விலைக்குள் ஒரு கார் வேண்டும் என்றார். லிரா என்பது அந்நாளைய இத்தாலி நாணயம். ஃபியட்டின் மூத்த பொறியாளர் அன்டோனியோ ஃபெஸ்ஸியா அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? விமான இன்ஜின் பிரிவில் இருந்த ஜாக்கோசாவிடம்! அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் ஒரு முழுக் காரை அவர் வடிவமைத்ததும் இல்லை.

முன் சக்கர யோசனையைத் தொட முடியாது. அதனால் ஜாக்கோசா வேறு வழியில் இடத்தைச் சேமித்தார். இன்ஜினை முன் அச்சுக்கும் முன்னால், காரின் மூக்கு நுனியில் வைத்தார். இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டரை அதற்குப் பின்னால், சற்று உயரத்தில் பொருத்தினார். இதனால் பயணிகளுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. காரின் முகமும் அழகாகச் சரிந்தது.

இன்னொரு சிக்கனமும் செய்தார். இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்க வழக்கமாக ஒரு பம்ப் வேண்டும். இந்தக் காரில் அந்தப் பம்பே கிடையாது! சூடான தண்ணீர் மேலே எழும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ரேடியேட்டர் உயரத்தில் இருந்ததால் தண்ணீர் தானாகவே சுற்றி வந்தது. உங்கள் பள்ளிப் பாடம் ஒரு காரின் விலையைக் குறைத்தது!

1936இல் ஃபியட் 500 என்ற பெயரில் அந்தக் கார் வெளிவந்தது. நீளம் சுமார் 3.2 மீட்டர். இன்ஜின் 569 சி.சி. மட்டுமே. மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டு பேர் உட்காரலாம். ஆனால் குழந்தைகளையும் பின்னால் திணித்துக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. மக்கள் அதற்கு டோபோலினோ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியில் அதற்குச் சுண்டெலி என்று பொருள். மிக்கி மவுஸுக்கும் அங்கே அதுதான் பெயர்!

விலை 8,900 லிரா ஆயிற்று. அன்யெல்லி நினைத்த 5,000 லிராவுக்குள் முடிக்க முடியவில்லை. இருந்தாலும் அந்தச் சுண்டெலி நன்றாக விற்றது. 1955 வரை ஐந்து லட்சம் டோபோலினோக்கள் தயாராயின.

தீப்பெட்டி போல ஒரு கார்

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. டூரின் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. ஃபியட் தொழிற்சாலைகளும் தப்பவில்லை. 1945இல் போர் முடிந்தபோது இத்தாலி மிகவும் ஏழ்மைப்பட்டிருந்தது. அதே ஆண்டு அன்யெல்லியும் காலமானார்.

நாடு மெல்ல எழுந்து நின்றது. மக்களுக்கு வேலை கிடைத்தது. அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லாரும் வசதியாக உட்கார்ந்து போகும் குடும்பக் கார் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காக ஜாக்கோசாவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கார் 1953இல் வெளிவந்தது. அதுதான் புதிய ஃபியட் 1100. நாம் முதலில் பேசிய பத்மினியின் தாய்!

அந்தப் பெயரில் ஃபியட் 1937 முதலே ஒரு கார் செய்துவந்தது. ஆனால் 1953இல் வந்தது முற்றிலும் புதிது. பழைய கார்களில் கீழே கனமான இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதன் மேல் காரின் உடலைத் தூக்கி வைப்பார்கள். புதிய 1100இல் அந்தத் தனிச் சட்டம் இல்லை. தரை, பக்கங்கள், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கூடாக இருந்தன.

இது எப்படிப் பலம் தரும்? ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தட்டையான அட்டையை வளையுங்கள். எளிதாக வளையும். அதே அட்டையைத் தீப்பெட்டி போல மடித்து ஒட்டுங்கள். இப்போது வளைத்துப் பாருங்கள், பார்க்கலாம்! அட்டை அதேதான். வடிவம் மாறியதும் பலம் வந்துவிட்டது. 1100 காரும் அப்படித்தான். கனமான சட்டம் இல்லாமலே உறுதியாக நின்றது.

நான்கு கதவுகளும் 1089 சி.சி. இன்ஜினும் கொண்ட அந்தக் கார், இத்தாலியக் குடும்பங்களின் செல்லப்பிள்ளை ஆயிற்று. நம் நாட்டிலும் மும்பையில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் ஃபியட்டின் அனுமதியோடு அதைத் தயாரித்தது. காலத்துக்கு ஏற்பச் சின்னச் சின்ன மாறுதல்களைச் செய்தது. 1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டியது. இத்தாலியில் 1100 காரின் காலம் 1969இல் முடிந்துவிட்டது. இங்கேயோ, அதன் பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தயாராகிக்கொண்டிருந்தது. மும்பையின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில்தான் சாலையிலிருந்து விடைபெற்றன.

இரண்டு பேர் இடத்தில் நான்கு பேர்

1100 நடுத்தரக் குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அதையும் வாங்க முடியாதவர்கள் ஏராளம். அவர்கள் ஸ்கூட்டரில், கணவன் முன்னால், மனைவி பின்னால், நடுவில் குழந்தை என்று போய்க்கொண்டிருந்தார்கள். மழையிலும் பனியிலும் எவ்வளவு சிரமம்! அவர்களுக்கு என்ன செய்வது?

ஜாக்கோசாவின் மனம் மறுபடியும் முன் சக்கரங்களை நோக்கி ஓடியது. ஆனால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே சுழலவும் வைக்கும் இணைப்புகள் அப்போது விலை அதிகம். அவை நெடுநாள் உழைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஏழைக் குடும்பத்தின் காரில் அதைச் சோதித்துப் பார்க்கலாமா? கூடாது என்று தீர்மானித்தார். பிடிவாதம் பிடிக்காமல், இன்ஜினைக் காரின் பின்பக்கத்தில் வைத்தார். இன்ஜினும் பின்னால், அது சுழற்றும் சக்கரங்களும் பின்னால். நடுவில் நீண்ட தண்டுக்கு வேலையே இல்லை!

இப்படிப் பிறந்ததுதான் 1955இல் வந்த ஃபியட் 600. அதன் நீளமும் டோபோலினோவைப் போலவே சுமார் 3.2 மீட்டர்தான். டோபோலினோவில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அதே நீளத்தில் இதில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்! அடுத்த ஆண்டே, ஆறு பேர் உட்காரும் மல்டிப்லா என்ற வகையும் வந்தது. அதன் நீளம் சுமார் மூன்றரை மீட்டர் மட்டுமே.

1957இல் இன்னும் சிறிய கார் ஒன்று வந்தது. அதுதான் புதிய ஃபியட் 500. மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம். இரண்டே சிலிண்டர்கள். அவற்றையும் தண்ணீர் அல்ல, காற்றே குளிர்வித்தது. கூரையில் இரும்புத் தகட்டுக்குப் பதிலாகத் துணி. சிக்கனம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலும். முதலில் அதை வாங்க ஆள் வரவில்லை! ஜன்னல் கண்ணாடியைக்கூட இறக்க முடியாத மொட்டைக் கார் என்று மக்கள் நினைத்தார்கள். ஃபியட் உடனே குறைகளைச் சரிசெய்தது. சில மாதங்களிலேயே வசதிகளைக் கூட்டியது. அதன் பிறகு விற்பனை சூடுபிடித்தது. 1975 வரை முப்பத்தைந்து லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராயின. 1959இல் அந்தக் காரின் வடிவமைப்புக்காக, தங்கக் கவராயம் எனப்படும் புகழ்பெற்ற இத்தாலிய விருது ஜாக்கோசாவுக்குக் கிடைத்தது.

பழைய யோசனைக்குப் புது உயிர்

இனி நம் கதையின் முக்கியமான கட்டம். 1959இல் இங்கிலாந்தில் மினி என்ற கார் வந்தது. அதன் இன்ஜின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்கே வைக்கப்பட்டிருந்தது. முன் சக்கரங்கள் அதை இழுத்தன. கியர் பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய்.

ஜாக்கோசா வேறு விதமாகச் செய்ய நினைத்தார். இன்ஜினைக் குறுக்கே வைத்து, அதன் ஒரு முனையில் கியர் பாக்ஸைப் பொருத்தினார். ஆனால் இதில் ஒரு சிக்கல். சக்தி வெளிவரும் இடம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஒரு சக்கரம் பக்கத்தில், இன்னொரு சக்கரம் தூரத்தில். என்ன செய்தார் தெரியுமா? ஒரு பக்கம் குட்டையான தண்டு, மறுபக்கம் நீளமான தண்டு என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான்! கேட்டால் எளிது. அதைச் சரியாக வேலை செய்ய வைக்க எத்தனை சோதனைகள் தேவை!

ஃபியட்டின் தலைவர்களுக்கு இன்னும் தயக்கம். முன் சக்கரக் கார் தோற்றுவிட்டால் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடுமே! அதனால் ஃபியட்டுக்குப் பங்கு இருந்த ஆட்டோபியாங்கி என்ற சிறிய நிறுவனத்தின் பெயரில் அதை வெளியிட்டார்கள். 1964இல் வந்த அந்தக் காரின் பெயர் பிரிமுலா. ஜாக்கோசாவுக்குத் தம் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லையே என்று வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கார் சாலையில் நன்றாக ஓடியது. ஒவ்வொரு நாளும் அது ஓட ஓட, பழைய பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

கடைசியில் 1969இல் ஃபியட் 128 வந்தது. முன் சக்கரங்கள் இழுக்கும் கார். இப்போது ஃபியட் என்ற பெயருடனேயே வந்தது! குறுக்கே வைத்த இன்ஜின், முனையில் கியர் பாக்ஸ், சமமில்லாத இரண்டு தண்டுகள், எல்லாம் அதில் இருந்தன. இன்ஜினும் இயந்திரங்களும் மூக்குப் பகுதிக்குள் அடங்கிவிட்டன. காரின் பெரும் பகுதி பயணிகளுக்கும் பெட்டிகளுக்குமே கிடைத்தது. 1970ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசும் அதற்கே.

அந்த 128 எந்தக் காரின் இடத்துக்கு வந்தது தெரியுமா? ஜாக்கோசாவே உருவாக்கிய 1100 காரின் இடத்துக்குத்தான்! தாம் பெற்ற பிள்ளையை, அதைவிட நல்ல ஒன்றுக்காகத் தாமே வழியனுப்பி வைத்தார் என்று சொல்லலாம். குன்றுப் பாதையில் தீப்பிடித்தபோது ஜாக்கோசாவுக்கு 26 வயது. 128 வெளிவந்தபோது அவருக்கு 64 வயது.

அடுத்த ஆண்டு, 1970இல், அவர் ஓய்வு பெற்றார். தம் நாற்பது ஆண்டு அனுபவங்களை ஒரு புத்தகமாகவும் எழுதினார். 1996ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, டூரின் நகரில், 91ஆம் வயதில் காலமானார்.

நாம் கற்க வேண்டியது

குழந்தைகளே, ஜாக்கோசா இரண்டு பெரிய விஷயங்களைச் செய்தார். ஒன்று, தடை இருந்தபோது அழுதுகொண்டு உட்காரவில்லை. கிடைத்த வழியில் டோபோலினோவையும் 1100ஐயும் 600ஐயும் செய்து, மக்களுக்கு வேண்டியதைக் கொடுத்தார். இரண்டு, ஒருமுறை தோற்றுப்போன யோசனையைக் குப்பையில் போடவில்லை. அது ஏன் தோற்றது, எப்போது ஜெயிக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். கணக்கில் ஒருமுறை விடை தவறினால், கணக்கே வராது என்று நோட்டை மூடிவிடுகிறோமே, அது சரியா?

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிறிய பெட்ரோல் கார் இருந்தால், பெரியவர்கள் யாரையாவது அதன் முன்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நின்று ஆறியிருக்கும் காராக இருக்கட்டும், எதையும் தொட வேண்டாம். இன்ஜின் குறுக்கே வைக்கப்பட்டிருக்கிறதா, கியர் பாக்ஸ் அதன் ஒரு முனையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். இன்று உலகெங்கும் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை ஜாக்கோசா காட்டிய முறையில்தான் அமைந்திருக்கின்றன.

பின் சீட்டில் உட்கார்ந்து கால் நீட்டும்போது, ஒருநாள் தீயில் வெந்துபோன அந்த யோசனையையும், அதைக் கைவிடாத அந்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!